யாமத்தை மறந்த வெப்பக் கணக்கு

அக்கினி நட்சத்திரம் முடிந்த மறுநாளே நமது நாளிதழ்கள் வெப்பத்தை மறந்துவிடுகின்றன. கத்திரி கழிந்தது என்றொரு செய்தி, அதனருகே இளநீர் விற்பவரின் புகைப்படம், அத்துடன் கோடை தீர்ந்துபோகிறது. சென்னையில் அது அவ்வளவு சுலபமாகத் தீர்வதில்லை. ஆனியும் ஆடியும் மீதமிருக்கின்றன. ஆண்டை ஆறு பெரும்பொழுதாகப் பகுத்த நம் முன்னோர் வேனிலை இரண்டாக்கி, பின்பாதிக்கு முதுவேனில் என்று பெயரிட்டு, அதனை இவ்விரு மாதங்களுக்கும் உரித்தாக்கினர். பெயரிலேயே முதுமை இருக்கிறது. சூடு முதிர்ந்து, மண்ணிலும் சுவரிலும் ஊறி, வெளியேற வழியின்றிக் கிடக்கும் பருவம் இது.

இப்பருவந்தோறும் நம் எழுத்துச் சூழலில் ஒரு வழக்கு எழுகிறது. நகரம் கொதிக்கிறது, புறநகர் குளிர்கிறது என்பது ஒரு தரப்பு. தாம்பரத்துக்கும் கூடுவாஞ்சேரிக்கும் குடிபெயர்ந்த நம் கட்டுரையாள நண்பர்கள், வேப்பமரத்தையும் கிணற்றையும் சாட்சிக்கு அழைத்து இதனை எழுதுகிறார்கள். மனை விற்பவர்களின் விளம்பரத் தாளும் இதே வாசகத்தைத்தான், சற்று மேலான அச்சில், சொல்கிறது. மறுதரப்பு, வானிலை அறிக்கையைக் கையில் ஏந்தி வருகிறது. நுங்கம்பாக்கத்தில் 37, மீனம்பாக்கத்தில் 38 என்று ஒரு நாள் வந்துவிட்டால் போதும்: ‘பாருங்கள், புறநகரே சூடு மிகுந்தது, நகர வெப்பத் தீவு என்பதெல்லாம் மேலைநாட்டாரின் கற்பனை’ என்று முடித்துவிடுகிறது. இரண்டு தரப்பும் உரத்த குரலில் மோதிக்கொள்கின்றன. இரண்டும் நண்பகலை மட்டுமே பார்க்கின்றன என்பதும், பார்க்க வேண்டிய பொழுது யாமம் என்பதும் நம் கட்சி.

முதலில் அந்த இரண்டு எண்கள் எங்கிருந்து வருகின்றன என்று பார்ப்போம். நுங்கம்பாக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியார் 1792இல் வானாய்வுக்கூடம் கட்டினர். அதன் கருங்கல் தூணில் தமிழிலும் கல்வெட்டு உண்டு. விண்மீன் பார்க்கும் வேலை 1899இல் கொடைக்கானலுக்குப் போயிற்று. வானிலைப் பதிவு இங்கேயே தங்கிற்று. மீனம்பாக்கத்து எண் விமான நிலையத்தில் எடுக்கப்படுவது. இரண்டு இடத்திலும் வெப்பமானி, தரையிலிருந்து ஏறக்குறைய நாலடி உயரத்தில், காற்றுப் புகும் சட்டங்கள் கொண்ட வெள்ளை மரப்பெட்டிக்குள் நிழலில் இருக்கிறது. அதற்கு ஸ்டீவன்சன் பெட்டி என்று பெயர். வடிவமைத்தவர் கலங்கரை விளக்கங்கள் கட்டிய பொறியாளர் தாமஸ் ஸ்டீவன்சன். ‘புதையல் தீவு’ எழுதிய ராபர்ட் லூயி ஸ்டீவன்சனின் தந்தை. இலக்கியவாதிகளாகிய நமக்கு வானிலைத் துறையோடு இப்படியொரு உறவும் இருக்கிறது.

அந்தப் பெட்டி வேண்டுமென்றே திறந்தவெளியில், சுவர்களுக்கு எட்ட வைக்கப்படுவது. ஆகவே நுங்கம்பாக்கத்து எண் ரங்கநாதன் தெருவின் வெப்பம் அன்று; மீனம்பாக்கத்து எண் நம் நண்பரின் வேப்பமரத்தடி வெப்பமும் அன்று. ஓடுபாதைக்கு அருகே எடுக்கும் எண்ணைக் கிராமியக் குளிர்ச்சிக்கோ கிராமியச் சூட்டுக்கோ சாட்சியாக நிறுத்துவது எவ்வகை நியாயம் என்று தெரியவில்லை. இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. 2011இல் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தபோது அம்பத்தூர், ஆலந்தூர், சோழிங்கநல்லூர் முதலியவற்றோடு மீனம்பாக்கமும் மாநகருக்குள் வந்துவிட்டது. ‘நகரம்’, ‘புறநகர்’ என்று இவர்கள் ஒப்பிடும் இரண்டு இடங்களும் இன்று ஒரே மாநகராட்சிக்கு வரி செலுத்துகின்றன.

நிற்க. மீனம்பாக்கத்தில் பகல் உச்சம் பல நாட்களில் கூடுதலாக இருப்பது மெய்தான். ஆனால் அதன் காரணம் கடல். முதுவேனிலில் தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத்தொடர்ச்சி மலையைத் தாண்டி, ஈரத்தை அங்கேயே உதிர்த்துவிட்டு, வறண்ட மேல்காற்றாக நம்மை வந்தடைகிறது. அம்மியைப் பறக்கவிடும் ஆடிக்காற்று இதுவே. கிழக்கிலிருந்து வர வேண்டிய கடற்காற்றை இது வாசலிலேயே மறித்து நிற்கும். நிலம் போதுமான அளவு காய்ந்த பிறகே கடற்காற்று உள்ளே நுழையும். நுழைந்தாலும் மெரினாவை ஒட்டிய பகுதிகளுக்கு முதலில், நுங்கம்பாக்கத்துக்கு அடுத்து, மீனம்பாக்கத்துக்கு இன்னும் தாமதமாக, பூந்தமல்லிக்கு மாலையில்தான். அதற்குள் உச்ச வெப்பம் பதிவாகி முடிந்திருக்கும். ஆக, அந்த ஒரு டிகிரி வேறுபாடு பெரிதும் கடலுக்கு உள்ள தொலைவைச் சொல்கிறது. நகரத்தையும் புறநகரையும் பற்றி அது சொல்வது சொற்பம்.

இதை அறிய நவீனக் கருவி எதுவும் வேண்டியதில்லை. இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே லண்டனில் ஒருவர் கண்டு சொல்லிவிட்டார். லூக் ஹோவர்ட் என்பவர். தொழிலால் மருந்து தயாரிப்பாளர். மேகங்களுக்கு நாம் இன்றும் வழங்கும் இலத்தீன் பெயர்களைச் சூட்டியவரும் இவரே. லண்டன் நகருக்குள் எடுத்த அளவுகளையும் நகருக்கு வெளியே தாம் எடுத்த அளவுகளையும் ஆண்டுக்கணக்கில் ஒப்பிட்டு, ‘லண்டனின் தட்பவெப்பம்’ என்ற நூலாக 1818 தொடங்கி வெளியிட்டார். அவர் கண்டது என்ன? நகரம் இரவில் 3.70 பாரன்ஹீட் டிகிரி மிகுதியான சூடு, பகலிலோ 0.34 டிகிரி குறைவு. அதாவது பகலில் லண்டன் தன் சுற்றுப்புறத்தைவிட ஒரு மயிரிழை குளிர்ந்தே இருந்தது. நகர வெப்பம் பற்றிய முதல் நூலே அதனை இரவின் சங்கதி என்று காட்டிவிட்டது. நாமோ இன்னும் பகல் எண்ணை வைத்துக்கொண்டு பட்டிமன்றம் நடத்துகிறோம்.

காரணம் மறைபொருளன்று. காங்கிரீட்டும் செங்கலும் தாரும் மெல்லச் சூடேறுபவை, மெல்ல ஆறுபவை. பகலெல்லாம் வாங்கியதை அஸ்தமனத்துக்குப் பின்னரே திருப்பித் தருகின்றன. திறந்த வயல் இரவில் முழு வானத்தையும் பார்த்துக் கிடப்பதால் தன் சூட்டை வானுக்கு அனுப்பிவிடும். நாலு மாடிக் கட்டடங்களுக்கு நடுவேயுள்ள சந்துக்குத் தெரிவது ஒரு கீற்று வானந்தான். எதிர்ச்சுவர் விடும் சூட்டை இச்சுவர் வாங்கும், இச்சுவர் விடுவதை எதிர்ச்சுவர் வாங்கும். நீரும் மரமும் இருந்தால் ஆவியாதலில் கொஞ்சம் கழியும். அவையும் இல்லை. போதாததற்கு, வசதியுள்ளோரின் அறைச் சூட்டை ஏ.சி. இயந்திரம் எடுத்து வசதியற்றோர் படுத்திருக்கும் தெருவில் கொட்டுகிறது. குளிர்ச்சியை உண்டாக்குகிறோம் என்று நாம் சொல்லிக்கொண்டாலும், அங்கே நடப்பது சூட்டின் இடமாற்றமே.

இங்கே நம் இலக்கியப் பயிற்சியும் ஒரு குற்றவாளி என்றே கருதுகிறோம். தொல்காப்பியம் பாலைக்கு நண்பகலையும் வேனிலையும் பொழுதாக வகுத்தது (பின்பனியும் அதற்கு உரித்து என்ற விதியை இப்போதைக்கு ஒதுக்கிவைப்போம்). யாமத்தைக் குறிஞ்சிக்குக் கொடுத்தது. கூதிரோடும் முன்பனியோடும் சேர்த்து, கூடலுக்குரிய குளிர்ந்த பொழுதாக. அன்றைய நிலத்துக்கு அது துல்லியமான அவதானிப்பு. ஆனால் அந்த நண்பகலையே நாம் இன்றும் பிடித்துக்கொண்டிருக்கிறோம். நம் கவிதைகளில் வெயில் என்றால் உச்சி வெயில். இரவு என்றால் ஆறுதல், நிலா, மொட்டை மாடி. புதுக்கவிதையும் இந்த மரபை மீறியதாகத் தெரியவில்லை. சிலப்பதிகாரமோ முல்லையும் குறிஞ்சியும் வேனிலில் தம் இயல்பு திரிந்து பாலையாகும் என்றது. பாலைக்குத் தனி நிலமில்லை, அது ஒரு நிலைமை என்பது எவ்வளவு கூர்மையான பார்வை! இளங்கோவடிகள் சொல்லாத பகுதியை நாம் கட்டி முடித்திருக்கிறோம். சென்னை நெய்தலும் மருதமும் சேர்ந்த நிலம். கடற்கரையும் ஏரிகளுமாகக் கிடந்தது. அவை இயல்பு திரிந்து பாலையாயின, நண்பகலில் அல்ல, யாமத்தில்.

செயற்கைக்கோள் படங்களைக் காட்டி மறுக்கும் நண்பர்களும் உண்டு. அப்படங்களில் பருவமழைக்கு முந்திய மாதங்களில் இந்திய நகரங்கள் பலவற்றின் சுற்றுப்புறம் பகலில் நகரைவிடச் சிவப்பாகத் தெரிவது உண்மையே. அறுவடை முடிந்த வெறும் நிலம் நகரத்து மரங்களைவிடச் சூடேறுவதில் வியப்பென்ன? மேலும், செயற்கைக்கோள் பார்ப்பது தரையின், கூரையின் மேற்பரப்பை; நாம் சுவாசிக்கும் காற்றை அன்று. அதே இடங்களின் இரவுப் படத்தையும் எடுத்துப் பக்கத்தில் வைத்தால் சிவப்பு இடம் மாறி உட்காருவதைக் காணலாம். பகல் படத்தை மட்டும் பகிர்வது பாதிக் கடிதத்தை வாசித்துக் காட்டுவது போன்றது.

இனி, குளிரும் புறநகர் என்ற கனவுக்கு வருவோம். அது யாருடைய புறநகர்? தோட்டமும் கிணறும் உள்ள தனி வீடு ஒரு புறநகர். நகரின் நடுவிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்களைக் குடியமர்த்திய கண்ணகி நகரும் பெரும்பாக்கமும்கூடப் புறநகர்ப் பக்கந்தான். அங்கே இருப்பவை நெருக்கி அடுக்கிய மாடித் தொகுதிகள். தம்முடைய நகரத்தையும் இழந்து, புறநகரின் குளிர்ச்சியையும் பெறாதவர்களின் இரவு அது. அருகே கிடக்கும் பள்ளிக்கரணைச் சதுப்பு ஒரு காலத்தில் ஐயாயிரம் எக்டேர் அளவு பரந்திருந்தது என்பார்கள். சாலைகளும் குப்பைமேடும் கட்டடங்களும் தின்றது போக எஞ்சியதற்கு 2022இல் ராம்சர் தகுதி கிடைத்தது. மகிழ்ச்சியே. ஆனால் அதன் கரையில் மனை வாங்கி, ‘இங்கே காற்று நன்றாக வருகிறது’ என்று கட்டுரை எழுதும் ஒவ்வொருவரும் அந்தக் காற்றில் ஒரு சுவரை எழுப்பிய பிறகே எழுதுகிறார். ஆவடி 2019இலும் தாம்பரம் 2021இலும் தனி மாநகராட்சிகள் ஆயின. நம் நண்பர்களின் புறநகர் இன்னொரு நகரமாகிக்கொண்டிருக்கிறது. அடுத்த குளிர்ச்சியைத் தேடி அவர்கள் மறைமலைநகருக்குப் போவார்கள் போலும்.

இது வெறும் ரசனைச் சண்டையாக இருந்தால் நாம் இவ்வளவு எழுதியிருக்க மாட்டோம். பகலில் தாங்கிய வெப்பத்தை உடல் தீர்த்துக்கொள்வது இரவில். கடலோர ஈரக்காற்றில் வியர்வை உலராது. 29 டிகிரி என்று தாளில் சாதுவாகத் தோன்றும் இரவு, ஆஸ்பெஸ்டாஸ் தகட்டின் கீழே மின்விசிறி வெந்நீராவியைச் சுழற்றும் இரவாகிவிடும். 2003 ஆகஸ்டில் பிரான்சில் வெப்ப அலையின்போது வழக்கத்தைவிட ஏறத்தாழ 15,000 பேர் மிகுதியாக இறந்தனர், பெரும்பாலோர் முதியோர். கூரையை ஒட்டிய மேல்தளங்களில் வசித்தவர்களுக்கும், இரவு வெப்பம் தணியாத பகுதிகளில் வசித்தவர்களுக்கும் ஆபத்து மிகுந்திருந்தது என்று பின்னர் நடந்த ஆய்வுகள் காட்டின.

நம் நாட்டு விதியோ வேறு கணக்குப் போடுகிறது. இந்திய வானிலைத் துறையின் வரையறைப்படி, வெப்ப அலை என்று அழைக்கச் சமவெளிக்கு 40 டிகிரி வேண்டும். கடலோரத்தின் தன்மை கருதி அங்கே 37 போதும் என்று தளர்த்தியிருக்கிறார்கள். இவற்றோடு வழக்கமான அளவைவிட 4.5 டிகிரி மிகுதியும் வேண்டும். சரி. ‘வெம்மையான இரவு’ என்றும் ஒரு வரையறை உண்டு. ஆனால் அதனை அறிவிக்க வேண்டுமானால் அன்றைய பகல் 40ஐத் தொட்டிருக்க வேண்டும்! பகலுக்குக் கடலோரத் தளர்வு கொடுத்தவர்கள் இரவுக்கு அதைக் கொடுக்கவில்லை. ஆடியில் சென்னையின் பகல் உச்சம் வழக்கமாக 35ஐ ஒட்டியது. ஆகவே நம் முதுவேனில் இரவுகள் எவ்வளவு தகித்தாலும் ஏட்டளவில் அவை வெம்மையான இரவுகள் ஆகா. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலத்துக்குரிய பேரிடராக அறிவித்து, அதனால் இறப்போர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் என்று வகுத்தது. நல்ல ஏற்பாடு. ஆயின் ஆடி மாதத்து இரவொன்றில், தகட்டுக் கூரையின் கீழே, வெப்ப அலை அறிவிக்கப்படாத நாளில் ஒரு மூதாட்டி மூச்சடங்கினால் அவர் எந்தப் பேரிடரில் இறந்தவராகக் கொள்ளப்படுவார்?

ஆகையால் நம் கோரிக்கைகள் எளியவை. இரவுக்கான வரையறையில் அந்த 40 டிகிரி நிபந்தனையைக் கடலோர ஊர்களுக்கு நீக்குக. ஓடுபாதையும் ஆய்வுக்கூடத்துப் புல்தரையும் இருக்கட்டும். பெரும்பாக்கத்தின் மேல்தள அறையொன்றிலும் வியாசர்பாடிச் சந்தொன்றிலும் வெப்பமானி வைத்து, நள்ளிரவில் அது காட்டுவதையும் எழுதுக. புறநகரைப் புகழ விரும்பும் நண்பர்கள் தம் வீட்டு வேப்பமரத்தடி அளவை அதே நள்ளிரவில் எடுத்து எழுதட்டும். வேறுபாடு இருந்தால் அதற்கு அந்த மரமும் திறந்த வானமும் காரணம் என்பதையும், அடுத்த மனை விற்றுப்போகும் நாளில் அது எவ்வளவு குறைகிறது என்பதையும் சேர்த்து.

நாளிதழ்களுக்கும் ஒன்று. இரவின் குறைந்தபட்ச வெப்பநிலை தினமும் காலை எட்டரை மணிக்கு இரண்டு நிலையங்களிலும் குறிக்கப்பட்டு அறிக்கையில் ஏறிவிடுகிறது. புதிதாக அளக்க வேண்டியதுகூட இல்லை. முதல் பக்கத்தில் பகல் உச்சத்துக்குத் தரும் எழுத்தின் அளவிலேயே, அதற்குப் பக்கத்தில், ஆனி முதல் நாளிலிருந்து ஆடி கடைசி வரை அந்த எண்ணையும் அச்சிடுங்கள்.