ஆஸ்பத்திரிக் கணக்கும் அளவுகோலும்

வீட்டுக் கணக்கு எழுதும் வழக்கமுள்ள குடும்பங்களில் ஒரு விநோதத்தைக் காணலாம். அரிசிக்கு இவ்வளவு, பாலுக்கு இவ்வளவு, பள்ளிக்கூடச் சம்பளத்துக்கு இவ்வளவு என்று மாதப் பிறப்பிலேயே ஒதுக்கிவிடுகிறோம். வைத்தியச் செலவுக்கு மட்டும் அப்படி ஒதுக்குவதில்லை. நோய் என்ன, கடிதம் போட்டுவிட்டா வருகிறது? வந்த பிறகோ, கத்தரிக்காய்க்காரியிடம் பேரம் பேசுவது போல் டாக்டரிடம் பேச யாருக்குத் துணிவு வரும்? குழந்தைக்கு ஜுரம் நூற்று நாலு டிகிரி இருக்கும்போது, பணம் பெரிதா, பிள்ளை பெரிதா?

இந்தச் சங்கடம் நமக்கு மட்டும் உரியது அன்று. செல்வம் கொழிக்கும் அமெரிக்காவிலும் இதே கதைதான். அங்கே இன்னொரு சிக்கலும் சேர்ந்திருக்கிறது. விருந்தில் உண்பவர் ஒருவர், என்ன பரிமாறுவது என்று தீர்மானிப்பவர் வேறொருவர், பணம் கொடுப்பவர் மூன்றாமவர் என்றால் அந்த விருந்துச் செலவு எங்கே போய் நிற்கும்? நோயாளி சிகிச்சை பெறுகிறார். டாக்டர் சிகிச்சையைத் தீர்மானிக்கிறார். இன்ஷ்யூரன்ஸ் கம்பெனியோ சர்க்காரோ பில்லைக் கட்டுகிறது. அந்த மூன்றாமவர் தம் கைப்பணத்தையா கொடுக்கிறார்? நோயாளியின் சம்பளத்திலிருந்தும் வரியிலிருந்தும் முன்பே எடுத்துக்கொண்ட பணத்தைத்தான் கொடுக்கிறார்.

இந்தச் செலவை ஒரு ராஜ்யம் அளந்து பார்க்க முடியுமா? அளந்த பிறகு, "இதற்கு மேல் வளராதே" என்று கட்டளையிட முடியுமா? அமெரிக்காவின் வடகிழக்கு மூலையிலுள்ள மாஸசூஸெட்ஸ் ராஜ்யம் இந்தப் பரீட்சையில் இறங்கிப் பல வருஷங்கள் ஆகின்றன. அதன் பலாபலன்களை நேயர்கள் அறிந்துகொள்வது நல்லது.

2006-ம் வருஷத்தில் அந்த ராஜ்யத்துச் சட்டசபை, ஏறக்குறைய எல்லா ஜனங்களுக்கும் வைத்திய இன்ஷ்யூரன்ஸ் கிடைக்கும்படி ஒரு சட்டம் செய்தது. நல்ல காரியந்தான். ஆனால் எல்லோருக்கும் பந்தியில் இடம் போட்டவர்கள் சமையற்கட்டுச் செலவை அப்போது கவனிக்கவில்லை. இன்ஷ்யூரன்ஸ் கட்டணம் ஏறிக்கொண்டே போயிற்று. தொழிலாளிக்கு வரவேண்டிய சம்பள உயர்வைக் கட்டணம் விழுங்கிற்று. ராஜ்யத்தின் கஜானாவிலும் அதே கூத்துத்தான். வைத்தியக் கணக்கு பருக்கப் பருக்க, பள்ளிக்கூடம் முதலிய மற்றக் கணக்குகள் இளைத்தன.

காரணம் என்ன என்று ஆராய்ந்தார்கள். அப்போது அட்டர்னி ஜெனரலாக இருந்த மார்த்தா கோக்லி 2010-ல் வெளியிட்ட அறிக்கை பலருடைய தூக்கத்தைக் கெடுத்தது. ஒரே ராஜ்யத்துக்குள், ஒரே மாதிரியான சிகிச்சைக்கு, ஓர் ஆஸ்பத்திரி வாங்கும் விலையும் இன்னொரு ஆஸ்பத்திரி வாங்கும் விலையும் வெகுவாக வேறுபட்டன. அதிக விலை வாங்கிய இடத்தில் சிகிச்சை உயர்ந்ததா? இல்லை. நோயாளிகளின் வியாதி கடினமானதா? அதுவும் இல்லை. பேரம் பேசும் பலம் எந்த ஆஸ்பத்திரிக்கு அதிகமோ, அதன் விலையும் அதிகம்! பெயர் பெற்ற பெரிய ஆஸ்பத்திரியை விட்டுவிட்டு எந்த இன்ஷ்யூரன்ஸ் கம்பெனியால் வியாபாரம் நடத்த முடியும்? கேட்டதைக் கொடுத்துத்தானே தீரவேண்டும்!

இதன் பிறகு 2012 ஆகஸ்டில் கவர்னர் டீவல் பாட்ரிக் ஒரு புதிய சட்டத்தில் கையெழுத்திட்டார். அந்தச் சட்டம் இரண்டு ஸ்தாபனங்களுக்குப் புது வேலை கொடுத்தது. ஒன்று கணக்கெடுப்பது, மற்றொன்று, சுகாதாரக் கொள்கைக் கமிஷன் என்னும் பெயருடையது, அந்தக் கணக்கை வைத்துக்கொண்டு கேள்வி கேட்பது. கணக்கெழுதுகிறவரும் கணக்குக் கேட்கிறவரும் வேறாக இருக்கவேண்டும் என்பது நமது கோயில் தர்மகர்த்தாக்களுக்குக்கூடத் தெரிந்த நியாயம் அல்லவா?

எதை அளக்கிறார்கள்? முதலாவது, சர்க்கார் திட்டங்களும் தனியார் இன்ஷ்யூரன்ஸும் சிகிச்சைக்காகக் கொடுத்த பணம். இரண்டாவது, நோயாளிகள் தங்கள் பங்காகச் சொந்தக் கையிலிருந்து கொடுத்தது. மூன்றாவது, இன்ஷ்யூரன்ஸ் கம்பெனிகளின் நிர்வாகச் செலவும் லாபமும். இந்த மூன்றையும் கூட்டி ஜனத்தொகையால் வகுத்தால், ஆளுக்கு இவ்வளவு என்று வரும். அந்தத் தொகை போன வருஷத்தைக் காட்டிலும் நூற்றுக்கு எத்தனை வீதம் வளர்ந்தது என்பதே கேள்வி.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. சர்க்கார் தன் செலவை மட்டும் குறைக்கப் பார்த்தால், ஆஸ்பத்திரிகள் அந்த நஷ்டத்தைத் தனியார் இன்ஷ்யூரன்ஸ் தலையில் கட்டிவிடும். இன்ஷ்யூரன்ஸ் கம்பெனி தன் செலவைக் குறைக்க வேண்டுமானால், நோயாளியின் பங்கை உயர்த்திவிடும். ஒரு பானையிலிருந்து இன்னொரு பானைக்கு ஊற்றினால் தண்ணீர் குறைந்துவிடுமா? ஆகையால்தான் எல்லாப் பானைகளையும் சேர்த்து அளக்கிறார்கள்.

அளந்தாயிற்று. வரம்பு எது? ராஜ்யத்தின் பொருளாதாரம் நீண்ட காலப் போக்கில் எந்த வீதத்தில் வளரக்கூடுமோ, அந்த வீதத்தை வைத்தியச் செலவு தாண்டக் கூடாது என்று வைத்துக்கொண்டார்கள். வரும்படி வளரும் அளவுக்கே செலவும் வளரலாம் என்னும் குடும்ப சூத்திரந்தான் இது. 2013 முதல் 2017 வரை நூற்றுக்கு 3.6 என்று அளவுகோல் நாட்டினார்கள். 2018 முதல் 2022 வரை அதை 3.1-ஆகக் குறைத்தார்கள். 2023-ல் மீண்டும் 3.6 ஆயிற்று.

இவ்விடத்தில் நமது நண்பர் ஒருவர் குறுக்கிட்டார். "அளந்து விட்டால் ஆயிற்றா? வரம்பை மீறினால் என்ன தண்டனை?" என்று கேட்டார். அவர் கேட்டது நியாயமான கேள்வி. வரம்பை மீறியதற்காக மட்டும் அபராதம் கிடையாது. ஒவ்வொரு வருஷமும் பகிரங்க விசாரணை நடக்கிறது. ஆஸ்பத்திரித் தலைவர்களும் இன்ஷ்யூரன்ஸ் தலைவர்களும் வந்து, செலவு ஏன் ஏறிற்று என்று சத்தியப் பிரமாணத்தின் பேரில் பதில் சொல்லவேண்டும். மிஞ்சிப் போனால், மீறிய ஸ்தாபனத்தைப் பார்த்து, "உன்னைத் திருத்திக்கொள்ள ஒரு திட்டம் எழுதிக் கொடு" என்று கமிஷன் உத்தரவிடலாம். திட்டம் எழுத மறுத்தாலோ, மனப்பூர்வமாய் நடத்தாவிட்டாலோ 5 லட்சம் டாலர் வரை அபராதம். பல நூறு கோடி டாலர் புழங்கும் ஆஸ்பத்திரிகளுக்கு அது வெற்றிலை பாக்குச் செலவு!

ஆனாலும் நாலு பேருக்கு முன்னால் பதில் சொல்ல நேரும் வெட்கத்துக்குச் சக்தி இல்லாமற் போகவில்லை. முதல் சில வருஷங்களின் சராசரி, நாட்டிய அளவுகோலை ஒட்டியே நின்றது. ஆஸ்பத்திரியும் இன்ஷ்யூரன்ஸும் ஒப்பந்தம் பேசும்போது, "வரம்பு 3.6 அல்லவா?" என்று சொல்ல ஒரு பிடி கிடைத்தது.

திருத்தத் திட்டத்துக்கான முதல் உத்தரவு பிறக்க ஒன்பது வருஷத்துக்கு மேல் ஆயிற்று. 2022 ஜனவரியில், ராஜ்யத்தின் மிகப் பெரிய ஆஸ்பத்திரிக் கூட்டமான மாஸ் ஜெனரல் பிரிகாமுக்கு அந்த உத்தரவு போயிற்று. 2014 முதல் 2019 வரை அதனிடம் தனியார் இன்ஷ்யூரன்ஸில் சிகிச்சை பெற்றவர்களின் செலவு வரம்புக்கு மேல் 29 கோடியே 30 லட்சம் டாலர் ஏறியிருந்ததாகக் கமிஷன் கணக்குக் காட்டிற்று. அந்த ஸ்தாபனம் கொண்டுவந்த முதல் திட்டம் போதாதென்று கமிஷன் கருதியது. கடைசியில், வருஷத்துக்கு 12 கோடியே 78 லட்சம் டாலர் மிச்சம் பிடிக்கும் திட்டம் 2022 செப்டம்பரில் அங்கீகாரம் பெற்றது. பூனைக்கு மணி கட்ட முடியும் என்பது நிரூபணமாயிற்று. ஒரே ஒரு மணிக்கு இத்தனை வருஷமா என்பது வேறு விஷயம்.

இதற்குள் காலம் மாறிவிட்டது. 2020-ல் கொரோனாத் தொற்று வந்தது. ஜனங்கள் ஆஸ்பத்திரிப் பக்கம் போகப் பயந்தார்கள், அவசரமில்லாத சிகிச்சைகள் தள்ளிப் போடப்பட்டன, செலவு குறைந்தது. 2021-ல் அந்தப் பாக்கியெல்லாம் சேர்ந்து திரும்பி வந்து, செலவு நூற்றுக்கு 9 ஏறிற்று. அதுவாவது முன் வருஷத்துத் தாழ்வினால் வந்த ஏற்றம் என்று சமாதானம் சொல்லலாம். 2023-ல் நூற்றுக்கு 8.6 ஏறியதற்கு அந்தச் சமாதானமும் இல்லை. அந்த வருஷத்து மொத்தச் செலவு சுமார் 7,800 கோடி டாலர். ஆளுக்கு 11,000 டாலருக்கு மேல். நூற்றுக்கு 3.6 வீதம் வளர்ந்தால் ஒரு செலவு இரட்டிக்க 20 வருஷம் ஆகும். 8.6 வீதம் வளர்ந்தால் ஒன்பது வருஷத்துக்குள் இரட்டித்துவிடும். எந்தக் குடும்பத்தின் சம்பளம் ஒன்பது வருஷத்தில் இரட்டிக்கிறது?

அளவுகோலில் இன்னொரு குறையும் உண்டு. ஓர் ஆஸ்பத்திரி ஒரு சிகிச்சைக்கு 100 டாலர் வாங்குகிறது. பெயர் பெற்ற மற்றொன்று 200 டாலர் வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். இருவரும் வருஷந்தோறும் 3.6 வீதம் ஏற்றினால், இருவரும் உத்தமர்களே. பத்து வருஷம் கழித்து முன்னது 142, பின்னது 285. இடைவெளி 100 டாலரிலிருந்து 143 டாலர் ஆகிவிட்டது! சட்டம் பிறப்பதற்குக் காரணமாயிருந்த அநியாயமே சட்டத்தின் நிழலில் வளருகிறது. கணக்குப் புஸ்தகம் மொத்தத்தைக் காட்டுமே தவிர, யார் கொழுத்தார், யார் மெலிந்தார் என்று பார்க்கத் தனிக் கண் வேண்டும். 2024-ல் அந்த ராஜ்யத்தில் ஆஸ்பத்திரிகள் நடத்திய ஒரு பெரிய கம்பெனி திவாலாகி, இரண்டு ஆஸ்பத்திரிகள் மூடப்பட்டன. பக்கத்தில் வசித்தவர்களுக்கு மொத்தக் கணக்கால் என்ன ஆறுதல்? மறுவருஷத் தொடக்கத்திலேயே மேற்பார்வையை இறுக்கும் மற்றொரு சட்டம் வந்தது.

இதற்கு மாறாக, மேரிலாந்து ராஜ்யம் அளப்பதோடு நிற்கவில்லை. விலையையே தன் கையில் எடுத்துக்கொண்டது. 1971-ல் அமைத்த ஒரு கமிஷன், 1974 முதல் ஆஸ்பத்திரிகளின் கட்டணத்தை நிர்ணயித்து வருகிறது. 1977-ல் மத்திய சர்க்கார் திட்டங்களும் அதே கட்டணத்தைக் கொடுக்க இசைந்தன. ஆக, ஓர் ஆஸ்பத்திரியில் ஒரு சிகிச்சைக்கு யார் பணம் கொடுத்தாலும் ஏறக்குறைய ஒரே விலை. பேர பலத்துக்கு அங்கே வேலை இல்லை.

ஆனால் விலையைக் கட்டினால் போதுமா? ஒரு படியின் விலையைக் கட்டினால், வியாபாரி இரண்டு படி விற்கப் பார்ப்பான். அனுமதிகளும் சிகிச்சைகளும் பெருகின. ஆகவே 2014 முதல் புது ஏற்பாடு செய்தார்கள். ஒவ்வோர் ஆஸ்பத்திரிக்கும் வருஷத்துக்கு இவ்வளவு வருமானம் என்று முன்பே நிர்ணயம். மொத்த ஆஸ்பத்திரிச் செலவு ஆளுக்கு நூற்றுக்கு 3.58-க்கு மேல் வளரக் கூடாது. படுக்கை நிறைந்தாலும் அதே வருமானம், காலியாயிருந்தாலும் அதே வருமானம். அப்படியானால் சர்க்கரை வியாதிக்காரரை வீட்டிலேயே ஜாக்கிரதையாய்க் கவனித்து, ஆஸ்பத்திரிக்கு வராமல் காப்பதே ஆஸ்பத்திரிக்கு லாபம்! ஐந்து வருஷத்தில் முதியோர் திட்டத்துக்கு 33 கோடி டாலர் மிச்சம் காட்டுவதாக ஒப்புக்கொண்டவர்கள், அதற்கும் பல மடங்கு மிச்சம் காட்டினார்கள்.

இதிலும் முள் இல்லாமல் இல்லை. மேரிலாந்தின் அவசர சிகிச்சை அறைகளில் காத்திருக்கும் நேரம் மற்ற ராஜ்யங்களைவிட நீண்டது என்று வெகுநாளாகப் புகார் உண்டு. வருமானத்தைக் கட்டியதுதான் காரணமா, வேறு காரணமா என்று விவாதம் நடக்கிறது. பணத்தைக் கட்டுகிற கை, நோயாளி காத்திருக்கும் பெஞ்சையும் பார்க்கவேண்டும் என்பது மட்டும் நிச்சயம்.

கடைசியாகக் கலிபோர்னியாவின் சங்கதி. 2022-ல் சட்டம் செய்து, 2024-ல் அளவுகோல் நாட்டியிருக்கிறார்கள்: 2025, 2026 வருஷங்களுக்கு நூற்றுக்கு 3.5; பிறகு 3.2, 2029-ல் 3. இந்த 3 எங்கிருந்து வந்தது? பொருளாதார வளர்ச்சியிலிருந்து அன்று. இருபது வருஷங்களில் நடுத்தரக் குடும்பத்தின் வருமானம் வளர்ந்த வீதத்திலிருந்து. மீறுகிறவர்களுக்குப் படிப்படியாகப் பண அபராதம் விதிக்கவும் அந்தச் சட்டத்தில் இடம் உண்டு.

நமக்கு இந்த மாறுதல் மிகவும் பிடித்திருக்கிறது. ராஜ்யத்தின் பொருளாதாரம் வளரலாம். அந்த வளர்ச்சி நம் வீட்டு வாசற்படி ஏறாமலே போகலாம். மாஸசூஸெட்ஸில் எடுத்த குடும்பக் கணக்கெடுப்பில், ஐந்து பேரில் இருவர், வைத்தியச் செலவு தங்கள் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகவில்லை என்று ஏதாவதொரு வகையில் தெரிவித்தார்கள். ஏறக்குறைய எல்லோருக்கும் இன்ஷ்யூரன்ஸ் உள்ள ராஜ்யத்தில் இந்த நிலை! மருந்துச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, இந்த மாதம் வாங்குவோமா, அடுத்த மாதம் வாங்குவோமா என்று யோசிக்கும் தாயாருக்கு, எந்த அளவுகோல் முக்கியம்?

அளப்பதனால் மட்டும் செலவு குறையாது என்று நண்பர் சொன்னது மெய்தான். தராசு அரிசி விளைவிப்பதில்லை. ஆனால் தராசு இல்லாத சந்தையில் ஏமாறுகிறவன் எப்போதும் ஏழையே. முதலில் தராசு வேண்டும். பிறகு அதைப் பிடிக்கும் கைக்கு உறுதி வேண்டும். அளக்கும் படிக்கல்லாகக் குடும்பத்தின் வருமானம் இருக்கவேண்டும். இம்மூன்றும் ஓரிடத்தில் சேருமா என்பதை 2029 வரை கலிபோர்னியாவைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். அதுவரையில் நேயர்கள் தங்கள் கணக்குப் புஸ்தகத்தில் வைத்தியச் செலவுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி வைப்பார்களாக!