அலகைத் துறந்த எண்

1983-ஆம் ஆண்டு ஜூலை 23-ஆம் தேதி, கனடாவில் ஒட்டாவாவிலிருந்து எட்மன்டனை நோக்கிப் பறந்துகொண்டிருந்த போயிங் 767 விமானம் ஒன்று, நடுவானில் எரிபொருள் முழுவதும் தீர்ந்து, இரு இயந்திரங்களும் ஓய்ந்துபோக, கிம்லி என்னும் ஊரின் பழைய விமானத்தளத்தில் மிதந்துவந்து இறங்கியது. பிரயாணிகள் அனைவரும் உயிர் பிழைத்தது விமானிகளின் சாமர்த்தியத்தால் விளைந்த பாக்கியம். அத்தேசம் மெட்ரிக் முறைக்கு மாறிக்கொண்டிருந்த காலம் அது. வேண்டியிருந்தது 22,300 கிலோகிராம் எரிபொருள். லிட்டரைக் கிலோகிராமாக்க ஏறக்குறைய 0.8-ஆல் பெருக்க வேண்டியவர்கள், லிட்டரைப் பவுண்டாக்கும் 1.77 என்னும் எண்ணால் பெருக்கியமையால், தேவையில் பாதிக்கும் குறைவான எரிபொருளோடு விமானம் புறப்பட்டது.

நம் பள்ளிகளிலோ, மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்ற வேகத்தை விநாடிக்கு மீட்டராக்க, ‘5/18-ஆல் பெருக்குக’ என்று மந்திரம்போல் ஓதுவிக்கிறோம்; 1,000 மீட்டரை 3,600 விநாடிகளால் வகுத்ததன் சுருக்கமே அப்பின்னம் என்பதை மாணாக்கர் பலர் அறியாமலே தேறிவிடுகின்றனர். மாற்றத்தைத் தலைகீழாகச் செய்யச் சொன்னால் திகைக்கிறார்கள். மீட்டருக்கு 100 சென்டிமீட்டர் என்பதை நினைந்து, சதுர மீட்டருக்கும் 100 சதுர சென்டிமீட்டர் என்றே எழுதிவிடுகிறார்கள், அது 10,000 ஆயிற்றே என்ற ஐயம் அவர்களுக்கு எழுவதே இல்லை.

அலகை விடையின் இறுதியில் மட்டும் ஒட்டும் வழக்கம் ஒழிய வேண்டும் என்பதே என் அபிப்பிராயம். ஒவ்வொரு படியிலும் எண்ணைப் போலவே அலகையும் பெருக்கியும் வகுத்தும் எழுதினால், மணிக்கு 72 கிலோமீட்டர் என்பது, கிலோமீட்டரும் மணியும் தாமே அடிபட்டு நீங்க, விநாடிக்கு 20 மீட்டராக எஞ்சும். தவறான எண்ணால் பெருக்கியிருந்தால் அடிபடாத அலகே அதைக் காட்டிக்கொடுக்கும். காலவிரயம் என்று ஆட்சேபிப்பவர்கள் உண்டு. பரீட்சையில் இடைப்படிகளின் அலகுகளுக்கும் மதிப்பெண் ஒதுக்கப்படுமாயின், அதற்கான நேரத்தை ஆசிரியர்களே கண்டெடுப்பார்கள்.