செடிக்கு டயர் மாட்டிய கதை

நியூஜெர்ஸியில் பையன் வீட்டுக்குப் போய் இறங்கிய முதல் சனிக்கிழமையே வாசலில் ஒரு லாரி வந்து நின்றது. இருபது மூட்டை இறங்கியது. ஒன்றைப் பிரித்து மோந்து பார்த்தேன். சென்னை புதுப்பேட்டையில் நிற்கிற மாதிரி இருந்தது.

"என்னடா இது, டயர் நாத்தம் அடிக்குது?"

"டயரேதாம்ப்பா! பழைய டயரைத் துண்டு துண்டா நறுக்கி, பிரவுன் கலர் அடிச்சு விக்கிறாங்க. ரப்பர் மல்ச். செடியைச் சுத்திப் போடணும்."

நம்ம ஊர் பாஷையில் மூடாக்கு. என் தாத்தா கரும்புத் தோகையைப் போட்டு மூடுவார். மண் காயாது, களை அமுங்கும், கடைசியில் மக்கி எருவாகிவிடும். செலவு பூஜ்யம். அமெரிக்காவில் அதையே மரத் துருவலாக மூட்டை கட்டி விற்கிறார்கள். மக்க மக்க வாங்கிக் கொட்டிக்கொண்டே இருக்க வேண்டும். போன வருஷம் கொட்டும்போது பையனுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. அதில் பிறந்த ஞானோதயம்தான் இந்த டயர்.

பையன் இன்ஜினீயர். பாயிண்ட் பாயிண்ட்டாக அடுக்கினான்.

"மக்காது. பத்து வருஷம் கவலையில்லை. கரையானுக்குத் தீனி கிடையாது. மரத் துருவல்ல பீரங்கிக் காளான்னு ஒண்ணு முளைக்கும்ப்பா. வெள்ளைச் சுவர், கார்னு பார்த்து வித்தைச் சுட்டுத் தள்ளும். தார்ப் புள்ளி மாதிரி ஒட்டிக்கும். சுரண்டினாலும் போகாது."

எனக்குப் பதில் தெரியவில்லை. என் மனைவிக்குத் தெரிந்தது.

"மக்காதுங்கிறியே, அப்புறம் என் கத்தரிச் செடி எதைத் திங்கும்?"

வழக்கு என்னிடம் வந்தது. ரிடையரானவனுக்கு வேறென்ன வேலை? இரண்டு நாள் கம்ப்யூட்டரும் கையுமாக உட்கார்ந்தேன்.

டயரில் துத்தநாக ஆக்ஸைடு சேர்க்கிறார்கள். துத்தநாகம் செடிக்குத் துளி வேண்டும், சாம்பாருக்கு உப்பு மாதிரி. மழைக்கு மழை கசிந்து மண்ணில் ஏறினால், உப்பு கரித்த சாம்பார்தான். வெயிலில் ரப்பர் கொதிக்கும். தீப்பிடித்தால் லேசில் அணையாது. மட்டமான சரக்கில் டயர்க் கம்பித் துணுக்கும் கிடக்கும்.

இன்னொன்று படித்து ஆடிப் போனேன். டயர் விரிசல் விடாமலிருக்க 6பிபிடி என்று ஒரு ரசாயனம். ஓஸோன் பட்டால் அது விஷமாக மாறுகிறது. வாஷிங்டன் மாநில ஓடைகளுக்கு முட்டையிட வரும் கோஹோ சால்மன் மீன்கள், மழை பெய்ததும் ஏன் கொத்துக் கொத்தாகச் சாகின்றன என்று பல வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். ரோட்டில் தேய்ந்த டயர் தூளிலிருந்து வந்த இந்த விஷம்தான் காரணம் என்று 2020ல் கண்டுபிடித்தார்கள்.

"மூட்டையைத் திருப்பி அனுப்பு!" என்று திங்கட்கிழமை சாயந்திரம் தீர்ப்பு சொன்னேன்.

சொல்லி வாய் மூடவில்லை. பின்பக்கம் 'தொப்'பென்று சத்தம். ஊஞ்சலிலிருந்து பேரன். ஆறு வயசு. ஓடிப் போய்த் தூக்கினால், மோவாயில் ரத்தம்.

எலும்புக்கு ஒன்றுமில்லை. மூன்று தையல். ராத்திரி பேரன் தூங்கின பிறகு, பையன் ஒரு காகிதத்தை நீட்டினான். நுகர்வோர் பொருள் பாதுகாப்புக்கான அமெரிக்க அரசு கமிஷன் விளையாட்டு மைதானங்களுக்காகப் போட்ட கையேடு. நறுக்கிய ரப்பர் 6 அங்குலம் இருந்தால் 10 அடி உயரத்திலிருந்து விழுந்தாலும் தாங்குமாம். மர மூடாக்கு 9 அங்குலம் இருந்தும் 7 அடிக்குத்தான் தாங்குமாம்.

டார்ச் எடுத்துப் போய் ஊஞ்சல் அடியில் ஸ்கேல் வைத்துப் பார்த்தேன். மரத் துருவல் இரண்டு அங்குலம்கூட இல்லை.

"போன வருஷம் இடுப்பு வலின்னு பாதியில விட்டுட்டேம்ப்பா..." என்றான். குரல் சரியாக வரவில்லை.

நான் தீர்ப்பைத் திருத்தி எழுதினேன்.

அடுத்த சனிக்கிழமை அப்பாவும் பிள்ளையுமாக ஊஞ்சல் அடியில் துணி விரித்து, சுற்றிப் பலகை அடித்து, உள்ளே ரப்பரைக் கொட்டினோம். மோவாயில் பிளாஸ்திரியோடு பேரன், ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த காந்தத்தைக் கட்டி இழுத்துக் கம்பி தேடினான். இரண்டு கிடைத்தது. வெயில் நாளில் தோசைக்கல்லைத் தொட்டுப் பார்ப்பதுபோல் கையால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் ஆட வேண்டும் என்று அவனுக்குச் சட்டம் போட்டோம். கத்தரிச் செடிக்குக் காய்ந்த இலையும் வெட்டின புல்லும்.

நாலு மூட்டை மிச்சம். என் மனைவி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, ஊருக்குப் போறப்ப எடுத்துட்டுப் போயிடலாமா?"

"எதுக்கு?"

"நம்ம தெருப் பள்ளத்துல போடலாம். விழறவங்களுக்கு அடியாவது படாம இருக்கும்!"