ஓட்டில்லாதவர்களுக்காக ஒரு குரல்



நிலக்கோட்டை பூ மார்க்கெட்டுக்கு விடியற்காலையில் மல்லிகை கொண்டுவரும் ஒரு தாயை எனக்குத் தெரியும். எழுபது வயதைத் தொட்டவர். இலங்கையில் அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், லயத்தில் பிறந்தவர். 1970-களின் நடுவில் பெற்றோருடன் இந்தியப் பாஸ்போர்ட்டில் கப்பலேறி ராமேஸ்வரம் வந்து, மண்டபம் முகாமில் சில நாள் தங்கி, பிறகு கொடைக்கானல் மலையில் மரம் வெட்டும் கூப்பு வேலைக்குப் போன குடும்பம் அது. உழைத்து, கடன்பட்டு, மலையிலிருந்து இறங்கி இந்தச் சமவெளியில் வேரூன்றிவிட்டார்கள். ஊரில் இன்றும் அவர்களை 'சிலோன்காரங்க' என்றுதான் சொல்வார்கள்.

அவருடைய தங்கை அங்கேயே திருமணமாகித் தங்கிவிட்டவர். 1983 கலவரத்தில் வீட்டை இழந்து வவுனியாவுக்கு ஓடி, 1990-ல் படகில் தமிழகம் வந்து சேர்ந்தார். அன்றுமுதல் முகாம் வாழ்க்கை. ஒருநாள் திருப்பலி முடிந்து கோவில் வாசலில் அந்த அக்கா என்னிடம் கேட்டார்: "சாமி, நானும் அவளும் ஒரே லயத்துல பொறந்தவங்க. எனக்கு ஓட்டு இருக்கு. அவளுக்கும் அவ பேரப்பிள்ளைகளுக்கும் ஏன் இல்ல?"

இந்தக் கேள்விக்குப் பதில் தேடினால், அது நம்மைக் கொழும்பு நாடாளுமன்றத்துக்கு, 1948-ஆம் ஆண்டுக்கு அழைத்துச் செல்கிறது. அங்கே எதிர்க்கட்சி வரிசையில் அமர்ந்து இந்த மக்களுக்காகப் பேசிய ஒரு தமிழ் உறுப்பினரை இன்று நினைத்துப் பார்ப்பது நமக்குப் பயன்தரும்.

1948-ல் நடந்தது என்ன?

1948 பிப்ரவரியில் இலங்கை சுதந்திரம் பெற்றது. அதே ஆண்டில் குடியுரிமைச் சட்டம் வந்தது. தகப்பனோ, இல்லையேல் தகப்பன்வழிப் பாட்டனும் பூட்டனும் இருவருமோ இலங்கையில் பிறந்ததை நிரூபிப்பவரே பரம்பரைக் குடிமகன் என்றது சட்டம். மதுரை, திருச்சி, ராமநாதபுரம் சீமைகளிலிருந்து வெள்ளைக்காரத் துரைமார்களுக்காகக் கூலிகளாக அழைத்துச் செல்லப்பட்டவர்களின் பிள்ளைகளிடம் பாட்டனின் பிறப்புச் சான்றிதழ் எப்படி இருக்கும்? ஒரே சட்டத்தில் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட மலையகத் தமிழர்கள் நாடற்றவர் ஆயினர்.

அரசு தரப்பிலும் ஒரு வாதம் இருந்தது. இவர்கள் வந்து போகிறவர்கள், ஒரு கால் இந்தியாவில் இருக்கிறது, கண்டிச் சிங்களவரின் பிரதிநிதித்துவம் இவர்களால் குறைகிறது என்றார்கள். அதற்குப் பின்னால் ஓர் அரசியல் கணக்கும் இருந்தது. 1947 தேர்தலில் தொண்டமான் உட்பட மலையகப் பிரதிநிதிகள் பலர் வென்றிருந்தனர். வேறு பல தொகுதிகளில் தோட்டத் தொழிலாளரின் ஓட்டு இடதுசாரிகளுக்குப் போயிருந்தது. குடியுரிமை போனபின் 1949-ல் தேர்தல் சட்டமும் திருத்தப்பட்டு ஓட்டுரிமையும் போயிற்று. 1952 தேர்தலில் மலையகத்திலிருந்து அம்மக்களின் பிரதிநிதி ஒருவர்கூட நாடாளுமன்றம் செல்லவில்லை.

இரண்டாவதாக ஒரு மசோதா 1948 டிசம்பரில் விவாதத்துக்கு வந்தது. இந்திய, பாகிஸ்தானிய வம்சாவளியினர் விண்ணப்பித்துக் குடியுரிமை பெறலாம் என்ற மசோதா. கேட்பதற்குச் சலுகைபோல் இருந்தது. ஆனால் நிபந்தனைகள் கடுமையானவை. பின்னாளில் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் போயின. கிடைத்தது ஏறத்தாழ 1,34,000 பேருக்கு மட்டுமே.

செல்வநாயகம் எழுந்து நின்றார்

காங்கேசன்துறைத் தொகுதி உறுப்பினர் ச.ஜே.வே. செல்வநாயகம் அந்த மசோதாவை எதிர்த்துப் பேசினார். ஈழத் தமிழர் 'தந்தை செல்வா' என்று அழைக்கும் அவர் ஒரு கிறிஸ்தவர்; கத்தோலிக்கர் அல்லர், சீர்திருத்த சபையைச் சேர்ந்தவர். அவருக்கு ஓட்டளித்தவர்களில் பெரும்பாலோர் சைவர்கள். வழக்கறிஞர், மென்மையான குரல் உடையவர், மேடையில் முழங்கத் தெரியாதவர்.

இங்கே நாம் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தச் சட்டங்களால் யாழ்ப்பாணத்து வாக்காளர் பெருவாரியாக எதையும் இழக்கவில்லை. அவர்களுக்குப் பாட்டன் பூட்டன் பெயரெல்லாம் உறுதியில் இருந்தது, காணி இருந்தது. உண்மையைச் சொன்னால், யாழ்ப்பாணத்துச் சமூகத்தில் பலர் தோட்டத் தொழிலாளரைத் தாழ்வாகவே பார்த்தனர். மலையக மக்களுக்காகப் பேசினால் காங்கேசன்துறையில் ஓர் ஓட்டும் கூடப்போவதில்லை. பாதிக்கப்பட்டவர்களோ அவருக்கு ஓட்டுப்போட முடியாதவர்கள்.

அவருடைய கட்சித் தலைவர் ஜி.ஜி. பொன்னம்பலம் 1948 செப்டம்பரில் அரசில் சேர்ந்து அமைச்சரானார். உள்ளே இருந்து தம் மக்களுக்கு நன்மை செய்யலாம் என்பது அவர் வழி. அதை முழுவதும் தள்ளிவிடவும் முடியாது. காங்கேசன்துறை சிமெண்ட் ஆலை, வாழைச்சேனை காகித ஆலை, பரந்தன் இரசாயன ஆலை ஆகியவை அவர் அமைச்சராக இருந்த காலத்தில் முன்னெடுக்கப்பட்டவை. கண்ணுக்குத் தெரியும் பலன்கள்! ஆனால் டிசம்பர் மசோதாவை அவர் ஆதரித்தார். செல்வநாயகம் பிரிந்தார். கு. வன்னியசிங்கமும் செனட்டர் டாக்டர் நாகநாதனும் அவருடன் வந்தனர். 1949 டிசம்பர் 18-ல் தமிழரசுக் கட்சி பிறந்தது.

அன்று அவர் அவையில் சொன்னதன் சாரம் இதுதான்: இன்று இந்தியத் தமிழர் மீது பாயும் சட்டம், நாளை மொழிப் பிரச்சினை வரும்போது நம்மீதும் பாயும். பலர் இதை மிகைப்படுத்தல் என்றார்கள். 1952 தேர்தலில் அவர் காங்கேசன்துறையில் தோற்றார். அவர் கட்சிக்கு இரண்டே இடங்கள் கிடைத்தன. நான்கே ஆண்டுகளில், 1956 ஜூனில் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்ற சட்டம் நிறைவேறியது. அதை எதிர்த்துக் காலிமுகத் திடலில் அறவழியில் அமர்ந்தவர்கள் அடிபட்டார்கள். அவ்வேளையில்தான் யாழ்ப்பாணம் அவர் 1948-ல் சொன்னதன் பொருளைப் புரிந்துகொண்டது. அதே 1956-ல் மக்கள் அவரை மீண்டும் தேர்ந்தெடுத்தார்கள்.

ஒரு நியாயத்தையும் சொல்ல வேண்டும். அந்தச் சட்டங்களைத் தமிழர் மட்டும் எதிர்க்கவில்லை. என்.எம். பெரேரா, கொல்வின் ஆர். டி சில்வா, பீட்டர் கெனமன் போன்ற இடதுசாரித் தலைவர்களும் அவையில் எதிர்த்தார்கள். நீதி ஓர் இனத்தின் சொத்து அல்ல.

அந்த முடிவின் நீண்ட நிழல்

1964 அக்டோபர் 30-ல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. நாடற்றவர்கள் 9,75,000 பேர் என்று கணக்கிட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மீதி 1,50,000 பேரை 1974-ல் ஆளுக்குப் பாதியாகப் பங்கிட்டார்கள். மனிதர்களை மூட்டைகளைப்போல் எண்ணிப் பிரித்த அந்தக் கணக்கில், சம்பந்தப்பட்ட மக்களின் விருப்பத்தை யாரும் கேட்கவில்லை. அவர்களுக்கு ஓட்டு இருந்திருந்தால் கேட்டிருப்பார்கள். நம் பூக்கார அம்மாவின் குடும்பம் அப்படித்தான் கொடைக்கானல் வந்தது. 1984-ல் கப்பல் போக்குவரத்து நின்றது. மற்றவர்கள் அங்கேயே தேங்கினார்கள். எஞ்சியிருந்த மலையகத் தமிழர் அனைவருக்கும் இலங்கைக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003-ல்தான் வந்தது. பறித்தது 1948-ல்; திருப்பிக் கொடுத்தது 55 ஆண்டுகள் கழித்து. ஆனால் அதற்குள் கலவரத்துக்கு அஞ்சி இங்கே ஓடிவந்துவிட்ட அந்தத் தங்கை இரண்டு கணக்கிலும் இல்லை.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 2019 டிசம்பரில் நம் நாடாளுமன்றத்தில் குடியுரிமைத் திருத்தச் சட்டம் நிறைவேறியது. பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து 2014 டிசம்பர் 31-க்குள் வந்த இந்துக்கள், சீக்கியர், பௌத்தர், சமணர், பார்சிகள், கிறிஸ்தவர்கள் குடியுரிமை பெற அது வழிசெய்தது. இஸ்லாமியர் அப்பட்டியலில் இல்லை. இலங்கை அந்த நாடுகளின் வரிசையில் இல்லை. தமிழகத்து எதிர்க்கட்சி உறுப்பினர்கள், ஈழத் தமிழர் ஏன் விடப்பட்டார்கள், ஒரு மதத்தார் மட்டும் ஏன் விலக்கப்பட்டார்கள் என்று இரு அவைகளிலும் கேட்டார்கள். அண்டை நாடுகளில் மதத்தின் பெயரால் துன்புறுத்தப்பட்டவர்களுக்கே இந்தச் சட்டம், அந்த மூன்று நாடுகளில் இஸ்லாமியர் சிறுபான்மையினர் அல்லர் என்பது அரசின் பதில். மாநிலங்களவையில் 125-க்கு 105 என்ற கணக்கில் மசோதா நிறைவேறியது. விதிகள் 2024 மார்ச்சில் வெளியாயின. 2025 செப்டம்பரில் மத்திய அரசு, 2015 ஜனவரி 9-க்கு முன் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழ் அகதிகளுக்கு, உரிய ஆவணமின்றித் தங்கியதற்கான தண்டனையிலிருந்து விலக்கு அளித்தது. இது நல்ல செய்தி. ஆனால் இது குடியுரிமை அன்று.

இச்சட்டத்தில் நமக்கான சோதனை ஒன்று இருக்கிறது. அந்தப் பட்டியலில் 'கிறிஸ்தவர்' என்ற சொல் இருக்கிறது. "நம்ம பேரு இருக்கு ஃபாதர், நமக்கென்ன?" என்று அப்போது என்னிடம் சிலர் சொன்னார்கள். யாழ்ப்பாணத்திலும் 1948-ல் பலர் சொன்னது அதையே. நம் பெயர் இருப்பதனாலேயே, பெயர் இல்லாதவருக்காகப் பேசும் கடமை நமக்கு வருகிறது. பாதிக்கப்பட்டவர் பேசினால் தன்னலம் என்பார்கள். பாதிக்கப்படாதவர் பேசினால் அதை நீதி என்று கேட்பார்கள்.

இறைவார்த்தை சொல்வது

எஸ்தர் அரசியை நினைத்துப் பாருங்கள். தம் மக்களை அழிக்க ஆணை பிறந்தபோது அவர் அரண்மனையில் பாதுகாப்பாக இருந்தார். அரண்மனையில் இருப்பதால் மட்டும் தப்பிவிடலாம் என எண்ண வேண்டாம் என்று மொர்தக்காய் அவருக்குச் சொல்லி அனுப்பினார் (காண். எஸ் 4:13-14). எஸ்தர் உயிரைப் பணயம் வைத்து அரசன்முன் சென்றார். இஸ்ரயேலருக்கோ ஆண்டவர் மீண்டும் மீண்டும் நினைவூட்டினார்: எகிப்தில் நீங்களே அந்நியராய் இருந்தவர்கள், ஆகவே அந்நியரை நேசியுங்கள் என்று (காண். இச 10:19). பேச இயலாதவர் சார்பாக வாய்திறக்க வேண்டும் என்கிறது நீதிமொழிகள் நூல் (காண். நீமொ 31:8). வாய் இல்லாதவர் இன்று யார்? ஓட்டு இல்லாதவரே.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2020-ல் வெளியிட்ட 'ஃபிரத்தெல்லி தூத்தி' சுற்றுமடலில், 'சிறுபான்மையினர்' என்ற சொல்லைப் பாகுபாட்டோடு பயன்படுத்துவதை விட்டுவிட்டு முழுக் குடியுரிமை என்ற கருத்தை வளர்க்க வேண்டும் எனக் கற்பித்தார். சிறுபான்மையினர் உரிமை என்றால் நம் பள்ளிக்கூடமும் நம் கல்லறைத் தோட்டமும் மட்டும் அல்ல. நமக்கு மட்டும் என்று கேட்டால் அது சலுகையாகச் சுருங்கிவிடும். எல்லாருக்கும் என்று கேட்கும்போதுதான் அது உரிமை.

நாம் செய்யக்கூடியது

இது எந்தக் கட்சிக்கும் ஓட்டுக் கேட்கும் கட்டுரை அல்ல. ஆனால் ஓட்டுக் கேட்டு யார் வந்தாலும், ரோடும் தண்ணீரும் கேட்ட பிறகு, ஒரு கேள்வியைக் கூடுதலாகக் கேளுங்கள்: "உங்களுக்கு ஓட்டுப்போட முடியாதவர்களுக்காக அவையில் என்ன பேசினீர்கள்?" ஒரு பிரதிநிதியை உரைத்துப் பார்க்கும் உரைகல் இதைவிட வேறில்லை.

நம் திண்டுக்கல் மாவட்டத்திலேயே தோட்டனூத்தில், இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் குடும்பங்களுக்காக 321 வீடுகளைத் தமிழக அரசு கட்டி 2022 செப்டம்பரில் திறந்தது. ஒழுகாத கூரை கிடைத்திருக்கிறது. நாடு இன்னும் கிடைக்கவில்லை. முகாம்களில் இங்கேயே பிறந்த பிள்ளைகள் நம் பிள்ளைகளோடு ஒரே பெஞ்சில் படிக்கிறார்கள். பாஸ்போர்ட், அரசு வேலை என்று வரும்போது பாதை அடைபடுகிறது. இயேசு சபையினரின் அகதிகள் பணியகம் போன்றவை பல்லாண்டுகளாக இவர்களோடு நடந்து வருகின்றன. நம் பங்குகளின் அன்பியங்கள் ஆண்டுக்கு ஒருமுறையாவது முகாமுக்குச் சென்று அவர்களைச் சந்திக்கலாம். கல்லூரி சேரும் பிள்ளைகளின் விண்ணப்பத்துக்கு, சட்டம் தெரிந்தவர்கள் உதவலாம். ஞாயிறு மன்றாட்டில் நாடற்றோரை நினைவுகூரலாம்.

செல்வநாயகம் 1948 டிசம்பரில் அந்த வாக்கெடுப்பில் தோற்றார், பிறகு தொகுதியையும் இழந்தார். அவர் யாருக்காகப் பேசினாரோ அவர்களுக்கு அன்று எதையும் பெற்றுத்தர அவரால் முடியவில்லை. ஆனாலும் அவர் அன்று பேசாமல் இருந்திருந்தால், காங்கேசன்துறை எதிர்க்காமலேயே தோட்டத்து மக்கள் கைவிடப்பட்டார்கள் என்றுதான் நடவடிக்கைக் குறிப்பு சொல்லியிருக்கும்.

அந்தப் பூக்கார அம்மாவுக்கு நான் அன்று முழுப் பதில் சொல்லவில்லை. "உங்க தங்கச்சிக்காகப் பேச வேண்டியவங்க இன்னும் போதுமான அளவு பேசலம்மா" என்றேன். அவர் தலையாட்டிவிட்டு, "அப்ப நீங்க பேசுங்க சாமி" என்றார். இதை எழுதியது அதற்காகத்தான். இனி நீங்களும் பேசுங்கள்.