25 என்ற கோடு யாருக்காக?

தேசியக் குடும்ப நல ஆய்வில் அதிக எடைக்கு பி.எம்.ஐ. (உடல் நிறை குறியீட்டெண்) 25 என்ற பழைய கோட்டையே வைத்துக்கொள்ளும் முடிவை ஏற்க முடியாது. ஆசியர்களுக்கு 23இலிருந்தே கவனம் தேவை என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004இலேயே சொன்னது. 2009இல் இந்திய மருத்துவ வல்லுநர்களும் 23ஐத் தொட்டால் அதிக எடை, 25 என்றால் பருமன் என்று வரையறுத்தார்கள். பிறகும் 2019-21 ஆய்வு 25இலிருந்துதான் எண்ணியது.

கடலூர் திருப்பாதிரிப்புலியூர் கடைத்தெருவில் நாள் முழுக்க உட்கார்ந்து கணக்கெழுதும் ஒருவரை வைத்துக்கொள்வோம். உயரம் 165 செ.மீ., எடை 67 கிலோ, பி.எம்.ஐ. 24.6. கை கால் மெலிவு, வயிறு மட்டும் முன்தள்ளல். ஆய்வின் கணக்கில் அவருக்கு ஒரு குறையும் இல்லை. தேவனாம்பட்டினத்தில் வலை இழுக்கும் மீனவருக்கும் அதே 24.6 வரலாம், அவர் உடம்பில் அது தசை. எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுக்கும் கணக்குக்கு இந்த இருவரையும் பிரித்தறியத் தெரியாது. தெரியவும் வழியில்லை: பெல்ஜியத்தின் கெட்லே 19ஆம் நூற்றாண்டில் அதை உருவாக்கியது சராசரி மனிதனைத் தேடித்தான், நோயாளியைத் தேடி அல்ல.

இதற்குப் புணே மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக் தன் உடம்பையே சாட்சியாக வைத்தார். 2004இல் அவரும் பிரிட்டிஷ் மருத்துவர் ஜான் யுட்கினும் ‘லான்செட்’ இதழில் தங்கள் படத்தை வெளியிட்டார்கள். இருவரின் பி.எம்.ஐ.யும் 22.3. உடல் கொழுப்போ யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. இரு மடங்குக்கும் மேல்! ஒல்லியாகத் தெரியும் இந்தியருக்கு ஏன் சர்க்கரை நோய் வருகிறது என்பதற்கு அந்த ஒரு படம் போதும்.

கொழுப்பை நேராக அளக்கும் டெக்ஸா ஸ்கேனை ஊர் ஊராக வைக்க முடியாதுதான். இஞ்ச் டேப்புக்கு என்ன தடை? 2019-21 தேசிய ஆய்வே இடுப்பு, பிட்டச் சுற்றளவுகளையும் எடுத்தது. நாட்டில் அதிக எடையுள்ள பெண்கள் 24 சதவீதம் என்றது பி.எம்.ஐ.; ஆபத்தான இடுப்பு-பிட்ட விகிதம் உள்ள பெண்கள் 56.7 சதவீதம் என்றது டேப். மேடைகளில் ஒலிப்பது முதல் எண் மட்டுமே. கிராமச் சுகாதாரப் பணியாளர் நிரப்பும் தொற்றா நோய்ப் படிவத்திலும் இடுப்பளவுக்கு இடம் உண்டு. அறியாமல் செய்தார்கள் என்று சொல்ல இடமே இல்லை.

சுகாதார விதிகளை எழுதும் அரசு மேசைகளின் பழைய கதையும் இப்படித்தான். அயோடின் சேர்க்காத உப்புக்கு இருந்த தடையை 2000இல் நீக்கினார்கள். பிள்ளைகளின் மூளை வளர்ச்சி பாதிக்கும் என்று மருத்துவர்கள் கதறியதைக் கேட்டு மீண்டும் தடை வர 2006 ஆயிற்று. பாக்கெட் தீனிகளின் முகப்பில் சிவப்பு அடையாளம் என்று 2018இல் வரைவு வந்தது. உற்பத்தியாளர்கள் முகம் சுளித்ததும் கிடப்பில் போனது. 2022 வரைவில் சிவப்பு போய் நட்சத்திரம் வந்தது. எச்சரிக்க வேண்டிய இடத்தில் மதிப்பெண் போடும் வெட்கக்கேடு அது!

ஒவ்வொரு முறையும் ஆதாரம் முன்னே வருகிறது, முடிவு ஆண்டுகள் கழித்துத் தள்ளாடி வருகிறது. இடையில் கால் புண்ணாகி, சிறுநீரகம் பழுதாகி கடலூர், சிதம்பரம் மருத்துவமனைகளில் வரிசையில் நிற்பது ‘சரியான எடை’ என்று அனுப்பப்பட்டவர்கள். கோட்டை இறக்க வேண்டும். வயிற்றின் அளவு அறிக்கையின் முதல் பக்கத்துக்கு வர வேண்டும். எந்த முறையில் என்பதை வல்லுநர்கள் கூடி முடிவு செய்யட்டும். ஆனால் இனியொரு ஆய்வு 25இலிருந்து எண்ணத் தொடங்கக் கூடாது.