விருந்தினர் விருப்பமும் சமைப்பவர் கடமையும்

மாமல்லபுரத்துக் கடற்கரை உணவகங்களில், பிடித்து வந்த மீனையும் இறாலையும் தட்டில் பரப்பிக் காட்டுவர். வேண்டியதைத் தெரிவு செய்து, வேண்டியவாறு சமைக்கச் சொல்லலாம். ஆனால், அயல்நாட்டுப் பயணி ஒருவர் மாட்டிறைச்சித் துண்டை உள்ளே சிவந்திருக்கச் சுட்டுத் தருமாறு கேட்டால், நம்மில் பலர் முகம் சுளிக்கிறோம். 'பச்சை இரத்தம்' என்கிறோம்.

அது இரத்தம் அன்று. தசையில் இயல்பாக உள்ள மயோகுளோபின் என்னும் செந்நிறப் புரதம். திருக்குர்ஆன் (6:145) விலக்குவதும் ஓட்டப்பட்ட இரத்தத்தையே. முறைப்படி அறுத்த இறைச்சியின் சிவப்பைக் கண்டு அருவருக்க வேண்டுவதில்லை.

விருந்தினர் விருப்பத்தைப் போற்றுவது நம் மரபு. ஊன் தின்று வெறுத்தோம் என்ற பொருநர்க்குக் கரிகாலன் வேறு சுவைப் பண்டங்களை அளித்த செய்தியைப் பொருநராற்றுப்படை கூறும்.

எனினும், விருப்பத்திற்கும் எல்லை உண்டு. முழுத்துண்டு இறைச்சியில் நோய்க்கிருமிகள் பெரும்பாலும் மேற்பரப்பிலேயே தங்கும். நெருப்பின் சூடு அவற்றை அழித்துவிடும். கொத்திய இறைச்சியிலோ அவை உள்ளேயும் கலந்துவிடும். 1993இல் அமெரிக்காவில் வெளிப்பட்ட நோய்ப்பரவலில், சரிவர வேகாத கொத்திறைச்சியால் நான்கு குழந்தைகள் மாண்டனர். முழுத்துண்டுக்கு 63 பாகை, கொத்திறைச்சிக்கு 71 பாகை செல்சியஸ் வெப்பம் வேண்டும் என்பது அந்நாட்டரசின் அறிவுரை.

ஆகவே, முழுத்துண்டை இன்னும் குறைவாகச் சுடக் கேட்பவரிடம் தீங்கை எடுத்துரைத்து, அதன்பின் அவர் விருப்பப்படியே தருக. குழந்தைக்கும் கருவுற்றவருக்கும் முதியவருக்கும் நன்கு வேகவைத்தே தருக. கொத்திறைச்சியை அரைவேக்காடாகக் கேட்டால் பணிவுடன் மறுக்க. உண்பவர் நாவுக்கு அவரே அரசர். அவர் உயிருக்குச் சமைப்பவரும் காவலர்.