கேமராவுக்கு மட்டும் தெரியும் பட்டைகள்

கைப்பேசியில் வீடியோ எடுக்கும்போது சில அறைகளில் கறுப்புப் பட்டைகள் திரையில் ஊர்ந்து போகும். கண்ணால் பார்த்தால் அறையில் வெளிச்சம் சீராகவே இருக்கும். கேமரா கெட்டுவிட்டதோ என்று தோன்றும். கெடவில்லை. விளக்கு உண்மையிலேயே மினுக்குகிறது.

நம் வீட்டுக்கு வருவது மாறுதிசை மின்சாரம். அதன் அலைவெண் 50, அதாவது விநாடிக்கு 50 சுழற்சிகள். ஒவ்வொரு சுழற்சியிலும் மின்னோட்டம் இரு திசையிலும் ஒவ்வொரு முறை உச்சத்துக்குப் போகிறது. விளக்குக்குத் திசை பொருட்டல்ல. ஆகவே ஒளி விநாடிக்கு 100 முறை கூடிக் குறைகிறது. குண்டு பல்பில் இழை ஆறுவதற்குள் மறுபடி சூடாகிவிடுவதால் இந்த ஏற்றஇறக்கம் குறைவு. பழைய சோக் போட்ட டியூப்லைட்டில் அதிகம். மின்னோட்டத்தைச் சமன்செய்யும் பாகத்தில் சிக்கனம் பிடித்த சில எல்.ஈ.டி. பல்புகள் கிட்டத்தட்ட அணைந்து அணைந்தே எரிகின்றன. இந்த வேகத்தைக் கண் பிரித்தறியாது.

கேமரா ஏன் பிரிக்கிறது? ஒளியைப் பதியும் சில்லுக்கு உணரி என்று பெயர். பெரும்பாலான கைப்பேசிகளில் உணரி முழுப் படத்தையும் ஒரே கணத்தில் பதிவதில்லை. மேலிருந்து வரிசை வரிசையாகப் பதிகிறது. பந்தியில் முதல் இலைக்குச் சாம்பார் விழும் நேரம் வேறு, கடைசி இலைக்கு விழும் நேரம் வேறு அல்லவா? ஒரு படத்தைப் பதிய 20 மில்லிவிநாடி ஆவதாக வைத்துக்கொள்வோம். அதற்குள் விளக்கு இருமுறை மங்கிவிடும். மங்கிய நேரத்தில் முறை வந்த வரிசைகள் கறுக்கும். அவைதான் அந்த இரண்டு பட்டைகள்.

இனி நகர்வு. விநாடிக்கு 25 பிரேம் எடுத்தால், ஒரு பிரேமுக்குச் சரியாக 4 மினுக்கல். பட்டை இடம் மாறாது. 30 பிரேம் என்றால் மூன்றும் மூன்றிலொரு பங்கும். பட்டை பிரேமுக்குப் பிரேம் தாவும். மின்சாரத்தின் அலைவெண்ணும் 50-இல் அப்படியே நிற்பதில்லை, சற்று முன்பின் அசையும். அதனால் 25 பிரேமிலும் பட்டை மெல்ல ஊர்வதுண்டு.

தீர்வு ஷட்டரில் இருக்கிறது. ஒவ்வொரு வரிசையும் ஒளியை வாங்கும் நேரத்தை அது தீர்மானிக்கிறது. 1/100 விநாடி வைத்தால் எல்லா வரிசைக்கும் ஒரு முழு மினுக்கல் கிடைக்கும். 1/50 என்றால் இரண்டு. பட்டை மறைந்துவிடும். 1/60 வைத்தால் கணக்கு முழுதாக முடியாமல் லேசான பட்டை தங்கும். அமெரிக்காவில் அலைவெண் 60. அங்கே 1/60 சரி. ஜப்பானில்தான் வேடிக்கை: கிழக்கே தோக்கியோவில் 50, மேற்கே ஒசாகாவில் 60.

பேருந்தின் நெற்றியில் எல்.ஈ.டி. எழுத்துகளில் ஊர்ப்பெயர் ஓடுகிறதே, அது வேறு வகை. அங்கே பல பலகைகளில் விளக்கு வரிசைகள் ஒரே நேரத்தில் எரிவதில்லை. பலகைக்குள் இருக்கும் சுற்று அவற்றை முறைவைத்து ஏற்றி அணைக்கிறது. வெயிலில் கேமரா தானாகவே ஷட்டரை 1/1000 விநாடிக்கும் கீழே குறைத்துவிடும். அந்த இடைவெளியில் எரிந்த வரிசைகள் மட்டும் பதியும். படத்தில் ஊர்ப்பெயர் பாதி காணாமல் போவது இதனால்தான்.

பட்டை தெரிகிறது என்பதற்காக ஒரு பல்பைக் குறைசொல்லிவிட முடியாது; ஷட்டரை மாற்றினால் அதே பல்பு ஒழுங்காகத் தெரியலாம். இரண்டு பல்புகளை ஒப்பிட வேண்டுமானால் ஒரே கைப்பேசியில், ஒரே ஷட்டர் வேகத்தில் எடுத்துப் பார்க்கலாம். பட்டை மெலிதாக விழும் பல்பைப் படிக்கும் மேசைக்கு மாட்டிக்கொள்ளலாம். மற்றது வராந்தாவுக்குப் போதும்.